பங்களா வாசலும் பூந்தோட்டக்காரரும்

(கினிகத்தேனையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பாவின் அரண்மனைகளையும் அவற்றின் பூங்காக்களையும் பற்றிப் பேச கினிகத்தேனையில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறையவே இருக்கிறது. இந்த ஊரின் பெரிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றுக்கு ஒரு கோட்டையின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வோரிக்‌ஷயரில், செந்நிறக் கல்லில் கட்டி இடிந்து நிற்கும் கோட்டை கெனில்வேர்த். வோல்டர் ஸ்கொட் 1821இல் அதைப் பெயராக வைத்து ஒரு நாவல் எழுதினார். அதைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் பிறகு கப்பலேறி வந்து இந்த மலைகளில் காடு வெட்டுவித்தது. மற்றத் தோட்டங்களின் பெயர்களும் இப்படித்தான்: தலவாக்கலையில் ஹோலிரூட், அக்கரப்பத்தனையில் பெல்மோரல், சென்ட்ரிங்ஹம், ஹட்டனில் ஒஸ்போர்ன், நாவலப்பிட்டிப் பக்கம் வின்ட்சர் ஃபொரஸ்ட். எல்லாம் அரச மாளிகைகளோடு சேர்ந்த பெயர்கள். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் பிறந்த பிள்ளை, பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தன் முகவரியாக ஓர் அரண்மனையின் பெயரை எழுதுகிறது. அந்த அரண்மனைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு யாரையும்விட அந்தப் பிள்ளைக்கு அதிகம் உண்டு.

கெனில்வேர்த் கோட்டையின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1575ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாம் எலிசபெத் மகாராணி அங்கே 19 நாள் விருந்தாளியாகத் தங்கினார். கோட்டைக்குரிய லெஸ்டர் பிரபு அவருக்காகவே ஒரு பூந்தோட்டம் போட்டார். பளிங்கில் நீரூற்று, பெரிய பறவைக்கூடு, நறுமணச் செடிப் பாத்திகள் எல்லாம் அதில் இருந்தன. ஊர்மக்கள் அதற்குள் போக முடியாது. மகாராணியுடன் வந்தவர்களில் ரொபர்ட் லேங்கம் என்றொருவர் இருந்தார். அரச ஆலோசனைச் சபை கூடும் அறையின் வாசலைக் காப்பது அவர் வேலை. மகாராணி வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தோட்டக்காரர் அவரை உள்ளே விட்டார். லேங்கம் ஆசை தீரச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்டதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதினார். உள்ளே விட்ட தோட்டக்காரரின் பெயரையும் அதில் குறித்தார். ஏட்ரியன்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1649இல் பாராளுமன்றக் கட்சியினர் கோட்டையைப் பாழாக்கினார்கள். பூந்தோட்டமும் அழிந்துபோயிற்று. இந்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் மரபுரிமை நிறுவனம் அந்தத் தோட்டத்தை மறுபடி அமைக்க முனைந்தபோது, மண்ணைத் தோண்டிக் கிடைத்த தடயங்களோடு முக்கியமான சான்றாகக் கையில் இருந்தது லேங்கத்தின் கடிதம்தான். 2009இல் புதிய தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பிரபுவும் மகாராணியும் கூடி அனுபவித்த ஒரு தோட்டம் நாலு நூற்றாண்டு கழித்து மறுபடி எழும்பியதென்றால், வாசல் காத்த ஓர் ஊழியர் எழுதியதாலும், ஒரு தோட்டக்காரர் கதவைத் திறந்ததாலும்தான் அது முடிந்தது. இன்று நான் சொல்ல வந்த விஷயமும் இதுவே. நம் மலைகளின் பங்களாக்களையும் பூந்தோட்டங்களையும் நம் மக்கள் போய்ப் பார்க்க வேண்டும். அவற்றை உண்டாக்கிய நம் ஆட்களின் பெயர்கள் அந்த இடங்களில் எழுதப்பட வேண்டும்.

அரண்மனைகளும் பூங்காக்களும் மக்களுக்குத் திறந்த விதத்தைப் பார்க்க ஜேர்மனிக்குப் போவோம். அங்கே ஒரு காலத்தில் நாடு சின்னச் சின்னச் சிற்றரசுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு சிற்றரசனுக்கும் ஓர் அரண்மனை, ஒரு பூங்கா. 1918இல் புரட்சி வந்து முடியாட்சி முழுவதும் போனபோது, அந்த மாளிகைகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1926இல் அதற்காகப் பொதுவாக்கெடுப்பே நடத்தினார்கள். கடைசியில் அந்த நாட்டின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவின் அரண்மனைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. 1927இல் அவற்றைப் பராமரிக்க ஒரு தனி நிருவாகம் அமைந்தது. இன்று அந்த நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரண்மனைப் பூங்காவில் நடந்துவிட்டு வருவது சாதாரணக் குடும்பங்களின் வழக்கம்.

அந்தப் பூங்காக்களில் ஹெஸ்ஸன் மாநிலத்துக் காசல் நகரத்துப் பூங்காவை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நீர்வீழ்ச்சிகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் நடுவில் வாழும் நமக்கு அது சட்டென்று புரியும். வில்ஹெல்ம்ஸ்ஹோஹே என்ற மலைப்பூங்கா அங்கே ஒரு குன்றின் சரிவு முழுவதும் இறங்குகிறது. உச்சியில் ஹெர்க்குலிஸ் சிலை. அது 1717இல் முடிந்த வேலை. மலைக்குப் பின்னால் குளங்களில் மழைநீரைச் சேர்த்து வைக்கிறார்கள். கோடைக்காலத்தில் புதன், ஞாயிறு நாட்களில் பிற்பகல் 2.30 மணிக்கு மேலே மதகைத் திறந்தால் தண்ணீர் கற்படிகளில் இறங்கும், பாறைகளுக்கிடையே கொட்டும், ஒரு பாலத்தின் கீழே பாயும், உடைந்ததுபோலக் கட்டிய கால்வாயின் நுனியிலிருந்து விழும். கடைசியில் அரண்மனைக்கு மேலே உள்ள குளத்தில் 50 மீற்றர் உயரத்துக்கு நீரூற்றாக எழும்பும். பம்பு கிடையாது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே விசை. லக்சபானவில் மின்சாரம் எடுப்பதும் இதே விசையில்தான். ஆயிரக்கணக்கான மக்கள் தண்ணீரோடு கூடவே மலையிலிருந்து நடந்து இறங்கி வருகிறார்கள். பார்க்கக் கட்டணமும் இல்லை. 2013இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அதில் ஒரு நீர்வீழ்ச்சிக்கு ஸ்டைன்ஹோஃபர் என்று பெயர். அவர் மன்னரும் அல்லர், மந்திரியும் அல்லர். பூங்காவின் நீர்க்குழாய்களையும் ஊற்றுகளையும் கவனித்த தொழில் அறிந்த மனிதர். அவர் அமைத்த அருவிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இவ்வளவு அழகுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஹெஸ்ஸன் காசலின் சிற்றரசர்கள் தங்கள் குடிமக்களைப் பட்டாளமாகச் சேர்த்துப் பிறநாட்டு மன்னர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அமெரிக்கா சுதந்திரத்துக்காகப் போராடிய காலத்தில், அதை அடக்குவதற்காக ஏறத்தாழ 19,000 ஹெஸ்ஸன் வீரர்களைப் பிரித்தானியா கூலிக்கு எடுத்தது. ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்த வருமானத்தில் பெருகிய கருவூலம்தான் பிற்பாடு அரண்மனையாகவும் அருவியாகவும் ஆனது. கடலுக்கு அப்பால் ஆட்களை அனுப்பிப் பணம் பண்ணிய கதை அங்கேயும் உண்டு. ஜேர்மன் வரலாற்று நூல்கள் இதை மூடி மறைப்பதில்லை. பூங்காவின் அழகும் அதன் விலையும் ஒன்றாகவே பேசப்படுகின்றன.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளையர் கோப்பித் தோட்டம் போட்டார். அதே காலத்து ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவின் குளிரில் மயங்கி அங்கே தனக்கொரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டலுக்குள் அந்தக் கட்டடம் இருக்கிறது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஆட்கள், ஆடுமாடுகள், கலப்பையோடு வந்து நுவரெலியாவை ஓர் இங்கிலாந்துக் கிராமமாக்க முயன்றார். 1873இல் ஆளுநர் கிரகரி அங்கே ஓர் ஏரியை வெட்டுவித்தார். 1876இல் துரைமாரின் ஹில் கிளப் தொடங்கியது. 1897இல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய 60ஆம் ஆண்டுக்காக விக்டோரியா பூங்கா அமைந்தது. ஜேர்மனியர்களும் இந்தப் பக்கம் வந்து போனார்கள். இயற்கை அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1882இல் ஹோர்ட்டன் சமவெளி வரை போனார். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1911இல் பிதுருதாலகல மலை ஏறினார்.

ஹக்கலையைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஏப்ரல் வசந்தகாலத்தில் பஸ் பிடித்துப் போய், ரோஜாப் பாத்திக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, சீதா எலியவில் அம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிறோம். அது நல்ல காரியமே. ஆனால் அந்தத் தோட்டம் பூவுக்காகத் தொடங்கியதல்ல. 1861இல் பேராதனைப் பூங்காவின் கிளையாக அதைத் திறந்தபோது, அங்கே வளர்த்துப் பார்த்தது சின்கோனா மரத்தை. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொயினா மருந்து கிடைத்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகக் கோப்பி செத்தபோது, துரைமார் பலர் தேயிலைக்கு மாறும் முன்னால் சின்கோனாவை நட்டுத்தான் மூச்சுப் பிடித்தார்கள். பிறகு பட்டையின் விலை விழுந்தது, அதுவும் போயிற்று. ஆகவே ஹக்கலையில் நடப்பவர் நடப்பது மலைநாட்டின் பொருளாதாரம் தடுமாறி எழுந்த இடத்தில். அங்கே மரங்கள் பலவற்றில் அவற்றின் இலத்தீன் பெயரும் அவை வந்த நாடும் எழுதிய தகடு இருக்கிறது. அந்த மரங்களுக்குக் குழி வெட்டியவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று எழுதிய தகடும் ஒன்று வைக்கலாம். வைப்பதற்கு இடம் இருக்கிறது.

ஹப்புத்தளை அடிஷம் மாளிகை நம் நாட்டில் உண்மையான கோட்டைத் தோற்றம் கொண்ட வீடு. தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் அதைக் கட்டி முடித்தார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தான் பிறந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். அவருடைய தாயின் தந்தை லோர்ட் ஜோன் ரஸ்ஸல், இரண்டு முறை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர். கருங்கல் சுவர்கள், உயர்ந்த புகைபோக்கிகள், சுற்றிலும் பூந்தோட்டமும் காடும். 1961இலிருந்து அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் போயா தினங்களிலும் யார் வேண்டுமானாலும் போகலாம். நூலக அறையையும் வரவேற்பறையையும் பார்க்கலாம். துறவிகள் செய்யும் ஜாமும் வாங்கலாம். ஒரு தனியார் மாளிகை எல்லோருக்கும் திறந்திருப்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல உதாரணம் அது. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மலைநாட்டின் பெருங்கட்டடங்களைவிட எனக்கு முக்கியமானவை தோட்டத்துப் பங்களாக்கள்தாம். பெரிய துரை பங்களா ஒன்றை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். ரோட்டிலிருந்து பிரிந்து வளைந்து ஏறும் பாதை. இரண்டு பக்கமும் சைப்ரஸ். மேலே ஏறினால் ஒரு விரிந்த புல்தரை. அதன் ஓரத்தில் ரோஜா, டேலியா, நீலப் பந்துபோலப் பூக்கும் ஹைட்ரேஞ்ஜியா. அகலமான விறாந்தை. உள்ளே கணப்பு. விறாந்தையில் நின்று பார்த்தால் ஸ்டோரும் லயமும் பெரட்டுக்களமும் ஒரே பார்வையில் தெரியும். பங்களாவை அந்த இடத்தில் வைத்ததற்குக் குளிர்காற்று மட்டும் காரணமல்ல. பின்பக்கம் போனால் குசினி, அதையொட்டிச் சமையல்கார அப்புவின் அறை, விறகுக் கொட்டில், கீழே லயத்துப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை. முன்பாதையில் குதிரையும் காரும் ஏறின. பின்பாதையில் நம் ஆட்கள் ஏறினார்கள்.

அந்தப் புல்தரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்யும் ஊர்கள் நம்முடையவை. இந்தச் சரிவில் அரை ஏக்கர் சமதரை தானாக அமையாது. மலையை மண்வெட்டியால் சீவி, அந்த மண்ணைக் கூடையில் சுமந்து மறுபக்கம் கொட்டி, அது மழையில் வழியாமல் கல்கட்டு எழுப்பி, கட்டுக்குப் பின்னால் கான் வெட்டி, அதற்குமேல் புல் பதித்திருக்கிறார்கள். நூறு ஆண்டு மழை தாங்கி அந்தக் கல்கட்டு இன்னும் நிற்கிறது. மேசனும் கான் வெட்டியவரும் கூடை சுமந்தவரும் இல்லாமல் அந்த ரோஜாப் பாத்தி இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் மலைக்கு இத்தனை பேர், ஸ்டோருக்கு இத்தனை பேர், பங்களாவுக்கு இத்தனை பேர் என்று பிரித்துவிடுவார்களே, அந்த மூன்றாவது கணக்கில் நின்றவர்கள் கைதேர்ந்த தோட்டக்கலைஞர்கள். உறைபனி விழும் மாதத்தில் எந்தச் செடிக்கு எப்போது மூடாக்குப் போட வேண்டும், ரோஜாவை எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. நான் இன்று அழைக்கிறேன்.

பெயர் எழுதப்படாமல் போவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1879இல் நம் டிக்கோயா பள்ளத்தாக்கில், கிளென்கேன் தோட்டத்துப் பங்களாவில் காலமானார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இலங்கையில் இருந்தபோது அவர் இங்குள்ள சாதாரண மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படம் எடுத்தார். அற்புதமான முகங்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டு. இங்கே எடுத்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. அந்த முகங்களில் நம் பாட்டன் பாட்டியர் இருக்கலாம்.

தோட்டத்துக்குள் நுழையும் உரிமையும் லேசாகக் கிடைக்கவில்லை. தோட்டத்து எல்லைக்குள் துரையின் அனுமதியின்றி வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அதனால்தான் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி, இங்கிருந்து கீழே இறங்கினால் வரும் நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் பிரேஸ்கேர்டல் என்ற இளம் வெள்ளையர் மேடை ஏறினார். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்தவர். தொழிலாளருக்குப் பரிந்ததால் வேலை போனது. பங்களா விறாந்தையிலிருந்து தான் கண்டதையெல்லாம் அந்த மேடையில் சொன்னார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. பங்களாவின் வரலாற்றைச் சொல்லும்போது இந்த மனிதரையும் சொல்ல வேண்டும்.

இப்போது கதவை விலை காக்கிறது. 1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன பிறகு, பழைய பங்களாக்கள் பல சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பங்களாக்களில் ஓர் இரவு தங்க வெளிநாட்டார் கொடுக்கும் பணம் நம் வீட்டு மாத வருமானத்தைத் தாண்டும். இதில் எனக்குக் கோபம் இல்லை. கட்டடம் இடிந்து போகாமல் நிற்பதற்கு வருமானம் வேண்டும். நம் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலையும் கிடைத்திருக்கிறது. எனக்குள்ள கோரிக்கை சிறியது. மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளை ஆசிரியரோடு உள்ளே விடுங்கள். முன்பாதை வழியாக விடுங்கள். விருந்தினர் அறையில் தொங்கும் துரைமார் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், அதே அளவில், அங்கே வேலை செய்த அப்பு, தோட்டக்காரர், வாசல்கூட்டி ஆகியோரின் பெயர்ப்பலகை ஒன்றும் மாட்டுங்கள்.

பெயர்கள் எங்கே கிடைக்கும்? தோட்டத்து ஒபீஸ்களில் பழைய செக்ரோல் புத்தகங்கள் இருக்கின்றன. நாள்தோறும் யார் யார் எந்த வேலைக்குப் போனார்கள் என்பது அவற்றில் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் இருக்கிறது. கறையான் தின்னும், ஒழுகும் கூரையின் தண்ணீரில் ஊறும், இடம் போதவில்லை என்று எரித்தும் விடுவார்கள். கடைசி நிலைக்கு வருவதற்கு முன்னால் அவற்றை வாங்கிப் பாதுகாக்க வேண்டும். இதைச் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் ஆக்கினார்கள். நம் முன்னோர் பாவித்த சாமான்களும் கடதாசிகளும் அங்கே இருக்கின்றன. ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களையும் தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகளையும் பார்த்துவிட்டு, அன்றைக்கே பாரதெக்கவுக்கும் போக வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் பாதிதான் பார்த்ததாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். இந்தச் சமதரையை யார் வெட்டியது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பின்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? பூவின் அழகை மறைக்கச் சொல்லவில்லை. அதை நன்றாகப் பார்க்கட்டும். அந்த அழகு நம் கையால் ஆனது என்று தெரிந்து பார்த்தால் பிள்ளையின் நடையே மாறும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் பெரியவர்களுக்கு. உங்களில் சிலர் பங்களாவில் வேலை செய்தவர்கள். சிலருடைய அப்பாவோ தாத்தாவோ பங்களாத் தோட்டத்தில் இருந்திருப்பார். வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர், தோட்டம், டிவிசன், பங்களாவில் என்ன வேலை, ஏறத்தாழ எந்த ஆண்டு, இவ்வளவும் சொன்னால் போதும், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். படம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் போய்ச் சொல்லுங்கள்.